தொப்பி துவைக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம் பாஸ்!

2020 ஜனவரி. ஆஸ்திரேலியாவில் காட்டுத் தீ கொழுந்துவிட்டு எரிந்த நேரம். பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி திரட்ட, சுழல் மன்னன் ஷேன் வார்ன் தன்னோட டெஸ்ட் தொப்பியை ஏலத்துக்கு விட்டார். போன விலை என்ன தெரியுமா? 10,07,500 ஆஸ்திரேலிய டாலர்! ஒரே ஒரு பழைய பச்சைத் தொப்பிக்கு!

'பேகி கிரீன்'னு செல்லமா கூப்பிடுற அந்தக் கம்பளித் தொப்பியை, பல வீரர்கள் தண்ணி பக்கமே கொண்டுபோக மாட்டாங்க. பழைய மேட்ச் வீடியோக்கள்ல ஸ்டீவ் வாஹ் தலையைப் பாருங்க. வெளுத்து, நைஞ்சு போன தொப்பி. ஆனாலும் அதைத்தான் போட்டுட்டு வருவார். அங்கே அழுக்குகூட ஒரு சரித்திரம்!

நம்ம தொப்பிக்கு அந்த சலுகை எல்லாம் கிடையாது. ரங்கநாதன் தெரு பிளாட்ஃபார்ம்ல பேரம் பேசி வாங்கின கேப்பா இருந்தாலும் சரி, காலேஜ் டீம்ல செலக்ட் ஆனப்போ கொடுத்த கேப்பா இருந்தாலும் சரி... ரெண்டு மாசத்துல நெத்தி பக்கம் வெள்ளையா ஒரு கோடு, உள்ளே மஞ்சளா ஒரு கறை, பக்கத்துல உட்கார்றவன் மூக்கைப் பொத்துற அளவுக்கு ஒரு 'நறுமணம்'. வேற வழியில்லாம ஒரு ஞாயித்துக்கிழமை பக்கெட்ல முக்கி, பிரஷ் போட்டுத் தேய்ச்சு, முறுக்கிப் பிழிஞ்சு, கொடியில மாட்டுவோம். சாயங்காலம் எடுத்துப் பார்த்தா... பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்கான கதைதான். முன்பக்கம் சொட்டை விழுந்து, விளிம்பு அப்பளமா நெளிஞ்சு, போட்டுப் பார்த்தா தலைக்கு மேல ஒரு கசங்கின தோசை உட்கார்ந்த மாதிரி இருக்கும்!

இதுல மேட்டர் ரொம்ப சிம்பிள். சட்டையில அழுக்காகிறதும் துணிதான், கெட்டுப்போறதும் துணிதான். தொப்பி அப்படி இல்லை. அழுக்காகிறது ஒரு இடம், கெட்டுப்போறது இன்னொரு இடம்! இந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டா போதும். காட்டன் கேப்ல ஆரம்பிச்சு, என்.சி.சி பெரே, ஊட்டி குல்லா, உயிரைக் காக்கிற ஹெல்மெட் வரைக்கும் எதையும் கெடுக்காம சுத்தம் பண்ணிடலாம். வாங்க, ஒண்ணொண்ணா பார்ப்போம்.

தொப்பிக்கு ஒரு போஸ்ட்மார்ட்டம்

உங்க கேப்பைக் கவுத்து உள்ளே பாருங்க. நெத்தியில படுற மாதிரி சுத்தி ஒரு துணிப் பட்டை ஓடுதா? அதுதான் வியர்வைப் பட்டை. தொப்பியோட அழுக்குல முக்கால்வாசி இங்கேதான் குடியிருக்கு. வியர்வை, தலை எண்ணெய், பவுடர், ஹேர் ஜெல், காலையில் அம்மா பூசி அனுப்பின திருநீறு, குங்குமம்... எல்லாரும் ஒரே ரூம்ல!

வெளியே தெரியுற வெள்ளைக் கோடு என்ன? உப்பு! வியர்வையில இருக்கிற தண்ணி ஆவியாகிப் பறந்துடும். உப்பு பறக்காது. அது துணியிலேயே உட்கார்ந்து கோலம் போட்டுடும். உப்பு நல்ல பையன், வெறும் தண்ணியிலேயே கரைஞ்சுடுவான். வில்லன், எண்ணெய்தான். நம்ம தோல்ல சுரக்கிற எண்ணெய் நாளாக நாளாக காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேர்ந்து மஞ்சளாகிடும். அதைக் கரைக்கத் தண்ணி மட்டும் பத்தாது.

அடுத்து, தொப்பிக்கு வடிவம் கொடுக்கிற சமாசாரங்கள். முன்பக்கம் விறைப்பா நிக்குதே, அதுக்குள்ளே 'பக்ரம்'னு ஒரு துணி இருக்கு. டெய்லர் கடையில காலருக்கு உள்ளே வைச்சுத் தைப்பாங்களே, அந்த ஜாதி. கஞ்சி இல்லைனா பசை மாதிரியான ஒரு பொருளை ஏத்தி விறைப்பாக்கின துணி. சூடான தண்ணியில ரொம்ப நேரம் ஊறினா அந்த விறைப்பு இளகிடும். அதுதான் 'சொட்டை' விழுறதோட ரகசியம்.

வெயிலை மறைக்க முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிற விளிம்புக்குள்ளே ஒரு தகடு இருக்கும். இப்ப வர்ற பெரும்பாலான கேப்கள்ல அது பிளாஸ்டிக். ரொம்பப் பழைய கேப்லயும், சில மலிவு கேப்லயும் வெறும் அட்டை! லேசா வளைச்சுப் பாருங்க. துள்ளிக்கிட்டு பழைய இடத்துக்கு வந்தா பிளாஸ்டிக். மடிப்பு விழுற மாதிரி தயங்கினா அட்டை. அட்டை தண்ணி குடிச்சா என்ன ஆகும்னு பரீட்சை அட்டையை மழையில நனைச்சவங்களுக்கு நல்லாவே தெரியும். அந்தத் தொப்பிக்கு முழுக் குளியல் கிடையாது. ஈரத்துணி, பிரஷ்ஷோட சரி.

ஆக, அழுக்கு இருக்கிறது பட்டையில. அடி வாங்குறது பக்ரமும் விளிம்பும். பட்டையைத் தேய்க்கணும், மத்த ரெண்டையும் காப்பாத்தணும். தியரி ஓவர். இனி பிராக்டிக்கல்!

ஒரு நூல்... ஒரு நெருப்புக்குச்சி

முதல்ல, உங்க தொப்பி என்ன துணினு தெரியணும். உள்ளே லேபிள் இருந்தா நல்லது. அதுல தொட்டி மாதிரி ஒரு படத்துக்குள்ளே 30னு போட்டிருந்தா, தண்ணி 30 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாதுனு அர்த்தம். தொட்டிக்குள்ளே ஒரு கை இருந்தா, கையால மட்டும் துவைக்கணும். முக்கோணத்து மேல பெருக்கல் குறி இருந்தா ப்ளீச் ஆகாது. தொட்டி மேலேயே பெருக்கல் குறினா, துவைக்கவே கூடாது.

லேபிள் இல்லையா? பிளாட்ஃபார்ம் தொப்பியில லேபிளுக்கு எங்கே போறது! உள்தையல் ஓரத்துல தொங்குற ஒரு சின்ன நூலை வெட்டி எடுங்க. டிவீசர்ல பிடிச்சு, கீழே ஒரு தட்டுல தண்ணி வெச்சுக்கிட்டு, நெருப்புக்குச்சியைக் காட்டுங்க.

காகிதம் எரியுற வாசனை வந்து, மெத்துன்னு சாம்பல் விழுந்தா காட்டன். முடி கருகுற வாடை வந்து, சாம்பல் விரல்ல நசுங்கினா கம்பளி. (கம்பளியும் முடியும் ஒரே வகை புரதம், அதான் ஒரே வாடை.) உருகி, கெட்டியான மணி மாதிரி உருண்டுக்கிட்டா பாலியஸ்டர், அக்ரிலிக் மாதிரி செயற்கை இழை. அந்த மணி ஆறுறதுக்கு முன்னாடி தொட்டுடாதீங்க, சுட்டுடும். ஹாஸ்டல் ரூம்ல பெட் மேல உட்கார்ந்துக்கிட்டு இந்த ஆராய்ச்சி வேண்டாம். பாத்ரூம் பக்கம் போங்க!

ரெண்டாவது டெஸ்ட், சாயம். வெள்ளைக் கைக்குட்டையை நனைச்சு, தொப்பியோட உள்பக்கம் ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. கைக்குட்டையில கலர் ஒட்டினா, அந்தத் தொப்பியைத் தனியா, வேகமா, பச்சைத் தண்ணியில முடிச்சுடணும். வெள்ளை எம்ப்ராய்டரி போட்ட சிவப்புத் தொப்பினா ரொம்பவே உஷார். லோகோ எல்லாம் ரோஸ் ஆகிடும்!

ஒரு பக்கெட், ஒரு சாஷே

இப்போ காட்டன், பாலியஸ்டர் கேப்புக்கு வருவோம். தேவையானவை: அரை பக்கெட் தண்ணி, ஒரு ஷாம்பு சாஷே, ரிட்டயர்டு ஆன ஒரு மெத்துன்னு டூத் பிரஷ், ஒரு துண்டு. அவ்வளவுதான் பட்ஜெட்.

'தொப்பிக்கு எதுக்கு ஷாம்பு?'னு கேட்கிறீங்களா? நியாயமான கேள்வி. தொப்பியில இருக்கிற அழுக்கு, தலையில இருக்கிற அதே அழுக்குதானே! ஷாம்பு மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணி பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். வால் போய் எண்ணெயைக் கவ்வ, தலை அதைத் தண்ணிக்குள்ளே இழுத்துட்டு வந்துடும். டிடர்ஜென்ட்டும் இதே வேலையைத்தான் பார்க்குது. ஆனா ஷாம்பு கொஞ்சம் சாது, சாயத்தையும் கம்பளியையும் அவ்வளவா சீண்டாது. அந்தச் சின்ன சாஷேயை இந்தியா முழுக்கப் பிரபலமாக்கினதுல நம்ம கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணனுக்குப் பெரிய பங்கு உண்டுங்கிறது கூடுதல் பெருமை.

குளியல் சோப்பும் துணி சோப்பும் வேண்டாமா? உங்க ஹாஸ்டல்ல போர் தண்ணினா கண்டிப்பா வேண்டாம். உப்புத் தண்ணியில இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்போட சேர்ந்து, தயிர் திரிஞ்ச மாதிரி வெள்ளையா ஒரு படிவை உண்டாக்கும். கறுப்புத் தொப்பியில அது படிஞ்சா, துவைச்ச தொப்பி துவைக்காத தொப்பியைவிடக் கேவலமா இருக்கும். கடைசி அலசலுக்காவது ஒரு மக் நல்ல தண்ணி தேத்திக்கோங்க.

தண்ணி எவ்வளவு சூடு? நம்ம ஊர்ல பலரோட தலைக்குத் தேங்காய் எண்ணெய். அது சுமார் 24 டிகிரி செல்சியஸ்லதான் உருகும். மார்கழிக் காலையில பாட்டிலுக்குள்ளே உறைஞ்சு போய் நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அந்தக் குளிர்ல சில்லுனு இருக்கிற தண்ணியில துவைச்சா, தொப்பியில இருக்கிற எண்ணெயும் உறைஞ்சுதான் நிக்கும். அதனால 30 டிகிரி. கையை விட்டா சூடும் தெரியாது, சில்லுனும் இருக்காது, அதான் பதம். அதுக்காக சித்திரை மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு மொட்டைமாடி கறுப்பு டேங்க் தண்ணியைப் பிடிச்சுடாதீங்க. குழாயைத் திறந்தா வெந்நீர்தான் வரும்! காலையிலேயே பிடிச்சு வெச்சுக்கோங்க.

துவைக்கிற முறை இதோ. முதல்ல காய்ஞ்ச பிரஷ்ஷால திருநீறு, தூசி எல்லாத்தையும் தட்டி விடுங்க. நனைச்சுட்டா அதெல்லாம் சேறு! அப்புறம் ஷாம்பு கரைச்ச தண்ணியில 15 நிமிஷம் ஊற வைங்க. வியர்வைப் பட்டையை வெளியே மடிச்சு, டூத் பிரஷ்ஷால ஒரே திசையில் மெதுவா தேயுங்க. இங்கேதான் உழைப்பு. வெளிப்பக்கம் விரலாலேயே போதும். முன்பக்க பக்ரத்தை அமுக்காதீங்க, விளிம்பை வளைக்காதீங்க. நுரை போற வரைக்கும் மூணு தண்ணி அலசுங்க. கடைசியா ஒரு முக்கியமான வார்த்தை: பிழியாதீங்க! துண்டுக்கு நடுவுல வெச்சு ஒத்தி எடுங்க. கைக்குழந்தைக்குத் தலை துவட்டுற மாதிரி.

மஞ்சள், குங்குமக் கறைக்கு ஒரு ஸ்பெஷல் நோட். மஞ்சள் கறையில காரமுள்ள சோப்பைப் போட்டா அது சிவப்பாகும். ஸ்கூல் லேப்ல மஞ்சள் தாளை சோப்புத் தண்ணியில நனைச்சதை ஞாபகப்படுத்திக்கோங்க. வீட்டு முறைக் குங்குமமே, மஞ்சளோட சுண்ணாம்பு சேர்ந்து சிவக்கிற அதே கெமிஸ்ட்ரிதான். இதுக்கும் ஷாம்புதான் சரி. துவைச்ச பிறகும் மஞ்சள் மிச்சம் இருந்தா, வெள்ளைத் தொப்பியை மட்டும் கொஞ்ச நேரம் வெயில்ல காட்டுங்க. மஞ்சளோட நிறம் வெயில் பட்டா மங்கிடும்.

மெஷினும் ஒரு ஃபிசிக்ஸ் கணக்கும்

'வீட்டுல வாஷிங் மெஷின் இருக்கே, போட்டா வேலை முடிஞ்சுது!'னு சொல்ற லோக்கல் டே-ஸ்காலர்களே, உங்களுக்குத்தான் இது. மெஷின் நிமிஷத்துக்கு 700 சுத்து சுத்துதுனு வெச்சுப்போம். டிரம்மோட ஆரம் 20 சென்டிமீட்டர். கோண வேகத்தை வர்க்கப்படுத்தி ஆரத்தால பெருக்குங்க. ஃபர்ஸ்ட் இயர் கணக்குதான். விடை, புவியீர்ப்பைப் போல சுமார் 110 மடங்கு! அதாவது, தண்ணி குடிச்சு 200 கிராம் இருக்கிற உங்க கேப், அந்தச் சுத்துல 22 கிலோ கனம் கனக்கும். கிட்டத்தட்ட ஒரு 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி பக்ரம் மேல வெச்ச மாதிரி. பத்தாததுக்கு ஜீன்ஸ் பேன்ட் வேற பக்கத்துல வந்து மோதும். அப்புறம் தொப்பி எப்படி தொப்பியா வரும்?

விறைப்பே இல்லாத, சுருட்டிப் பாக்கெட்ல வைக்கிற கிரிக்கெட் வட்டத் தொப்பியை மட்டும், ஒரு வலைப் பையில போட்டு, மென்மையான துணிக்கான செட்டிங்ல, ஸ்பின் இல்லாம போடலாம். மத்ததெல்லாம் பக்கெட்தான்.

பாதித் தொப்பி கெடுறது கொடியில!

துவைக்கிறதுல ஜெயிச்சுட்டு, காயப் போடுறதுல கோட்டை விடுறவங்க நிறைய. விளிம்புல கிளிப் மாட்டித் தொங்கவிட்டா, ஈரத்தோட எடை முழுக்க ஒரே இடத்துல இழுக்கும். காய்ஞ்ச பிறகு அந்தக் கோணல் அப்படியே செட் ஆகிடும். ஏன்னா, ஈரத்துல இளகின பக்ரம், காயும்போது எந்த வடிவத்துல இருக்கோ அந்த வடிவத்துலயே மறுபடி விறைக்கும்.

இந்தக் குணத்தையே நமக்குச் சாதகமாக்கலாம். தலை சைஸ்ல ஒரு எவர்சில்வர் பாத்திரத்தைக் கவுத்து, அது மேல தொப்பியை மாட்டுங்க. ஹாஸ்டல்ல பாத்திரத்துக்கு எங்கே போறது? ஒரு பலூனைத் தலை அளவுக்கு ஊதி உள்ளே வைங்க. பர்த்டே பார்ட்டி மிச்சம் கண்டிப்பா யார் ரூம்லயாவது இருக்கும். அதுவும் இல்லைனா, துண்டைச் சுருட்டித் திணிங்க. ஏற்கெனவே லேசா சொட்டை விழுந்த தொப்பியைக்கூட இப்படி ஓரளவுக்குத் தூக்கி நிறுத்தலாம்.

இடம்? நிழல், ஃபேன் காத்து. நேர் வெயில் வேண்டவே வேண்டாம். கலர் தொப்பி பாதி வெளுத்து, ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் ஆகாயம்னு ஆகிடும். முழுசா காயாம தலையில மாட்டாதீங்க. ஈரப் பட்டை, பூஞ்சைக்குப் பஞ்சு மெத்தை!

சுருங்கினா திரும்பாது: என்.சி.சி பெரே

கேம்ப் கிளம்ப ரெண்டு நாள் இருக்கும். யூனிஃபார்மை எல்லாம் ஊறப் போடுற வேகத்துல, பெரேயையும் வெந்நீர்ல போட்டுட்டான் ஒருத்தன். அப்புறம் அந்தத் தலையில நிக்கிறது பெரே இல்லை, தேங்காய் மூடி! இன்ஸ்பெக்ஷன்ல நிக்கும்போது அது சிரிக்கிற விஷயம் இல்லை. ஒரு கேடட்டோட மரியாதையே அதுல இருக்கு. 1948-ல தொடங்கின என்.சி.சி-யோட கொள்கை ஒற்றுமையும் ஒழுக்கமும். அந்த ஒழுக்கத்துல தலைக்கு மேல இருக்கிற தொப்பியும் சேர்த்தி.

ஏன் சுருங்குது? கம்பளி இழையை மைக்ராஸ்கோப்ல பார்த்தா, ஓடு வேய்ஞ்ச கூரை மாதிரி செதில் செதிலா இருக்கும். சூடு, ஈரம், உரசல் மூணும் சேர்ந்தா, செதில்கள் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டு இழைகள் நெருங்கிடும். திரும்பப் பிரியாது. இதுல வேடிக்கை என்னன்னா, பெரே பிறக்கிறதே இப்படித்தான். பெருசா பின்னி, வேணும்னே ஈரத்துல அடிச்சுச் சுருக்கித்தான் அந்த அடர்த்தியைக் கொண்டு வர்றாங்க. ஃபேக்டரியில கணக்காச் செஞ்ச வேலையை, நாம பாத்ரூம்ல கணக்கில்லாமத் தொடர்றோம். அவ்வளவுதான் வித்தியாசம்!

அதனால பெரேக்கு முதல் வைத்தியம், காய்ஞ்ச பிரஷ்தான். தூசியை ஒரே திசையில் தட்டுங்க. உள்பட்டையை மட்டும் ஷாம்பு நனைச்ச துணியால ஒத்துங்க. பட்டை தோலா இருந்தா ஊறவே விடாதீங்க, காய்ஞ்சதும் மரக்கட்டை மாதிரி விறைச்சுடும். முழுசா துவைச்சே ஆகணுமா? பேட்ஜையும் இறகுக் குஞ்சத்தையும் கழட்டி வைங்க. பச்சைத் தண்ணி, கொஞ்சம் ஷாம்பு, தேய்க்காம அமுக்கி அமுக்கி எடுங்க. துண்டுல ஒத்திட்டு, லேசான ஈரத்தோட கொஞ்ச நேரம் தலையில மாட்டி, மடிப்பை உங்க தலைக்கு ஏத்த மாதிரி இழுத்து விடுங்க. அந்த வடிவத்துலயே காய விடுங்க.

ப்ளீச் பக்கம் போகவே போகாதீங்க. கம்பளியைக் குளோரின் ப்ளீச்ல போட்டு வெச்சா வெளுக்காது, கரைஞ்சே போயிடும்! அதுல என்சைம் சேர்த்த டிடர்ஜென்ட்டும் வேண்டாம். புரதக் கறையைத் தின்கிற என்சைமுக்கு, கம்பளியும் ஒரு புரதச் சாப்பாடுதான்.

கொசுறு: தொப்பிக்கும் கெமிஸ்ட்ரிக்கும் பழைய பகை. அந்தக் காலத்துல முயல் மாதிரியான பிராணிகளோட ரோமத்தை ஃபெல்ட் தொப்பியாக்க, பாதரச நைட்ரேட்டைப் பயன்படுத்தினாங்க. அந்த ஆவியைச் சுவாசிச்ச தொழிலாளர்கள் கை நடுங்கி, மனநிலை பாதிச்சு அவதிப்பட்டாங்க. அமெரிக்காவுல 1941-லதான் அந்த முறைக்கு முற்றுப்புள்ளி வெச்சாங்க.

ஊட்டி குல்லா, பனை ஓலைத் தொப்பி

ஊட்டிக்கு ஐ.வி போனவங்க எல்லாம் திபெத்தியர் கடையில ஒரு குல்லா வாங்காமத் திரும்பியிருக்க மாட்டீங்க. 'கம்பளி'னு சொல்லி வாங்கினது பல நேரம் அக்ரிலிக்கா இருக்கும். அங்கேதான் நெருப்புக்குச்சி டெஸ்ட் உதவும். கம்பளினா சூட்டுல சுருங்கும். அக்ரிலிக்னா அதுக்கு நேர் எதிர், சூட்டுல தொளதொளனு தளர்ந்துடும். ரெண்டுக்கும் மருந்து ஒண்ணுதான். பச்சைத் தண்ணி, ஷாம்பு, தொங்கவிடாம துண்டு மேல படுக்க வெச்சுக் காய வைக்கிறது. இஸ்திரி பெட்டியைக் கண்ணுல காட்டாதீங்க.

மணப்பாடு, ராமேஸ்வரம் பக்கம் டூர் போய் பனை ஓலைத் தொப்பி வாங்கினவங்களுக்கு: ஓலையை ஊற வைக்காதீங்க. ஊறி, உப்பி, நிழல்ல சரியா காயலைனா கறுப்புப் புள்ளியா பூஞ்சை பிடிக்கும். தூசியை பிரஷ்ஷால தட்டி, பிழிஞ்ச ஈரத்துணியால துடைச்சு, உடனே காத்துல வைங்க. உள்ளே துணிப் பட்டை இருந்தா, அதை மட்டும் நுரையால துடைங்க. மறுபடியும் அதே பாடம்தான். அழுக்கு பட்டையில, ஆபத்து ஓலையில!

இதுவும் தொப்பிதான்... உயிர்த் தொப்பி!

நம்மில் பாதிப் பேர் தினமும் தலையில மாட்டுறது கேப் இல்லை, ஹெல்மெட். 2015 ஜூலை 1-ல இருந்து, ஐகோர்ட் உத்தரவுப்படி தமிழ்நாட்டுல பின்னாடி உட்கார்றவருக்கும் சேர்த்து ஹெல்மெட் கட்டாயம். ஒரு மணி நேரம் டிராஃபிக்ல வேர்த்து ஊத்தினா, அதோட உள்பக்கம் எப்படி மணக்கும்னு சொல்லத் தேவையில்லை. கேப்பைத் தப்பா துவைச்சா போறது ஸ்டைல். ஹெல்மெட்டைத் தப்பா துவைச்சா போறது வேற. அதனால இதை மட்டும் ரெண்டு தடவை படிங்க.

ஹெல்மெட்டோட வெளி ஓடு, ஏ.பி.எஸ் பிளாஸ்டிக், பாலிகார்பனேட், ஃபைபர் கிளாஸ் இதுல ஏதோ ஒண்ணு. அதுக்குள்ளே கெட்டியான தெர்மாகோல் அடுக்கு ஒண்ணு இருக்கும். டெக்னிக்கலா சொன்னா இ.பி.எஸ். பேரைப் பார்த்து அரசியல் ஆக்கிடாதீங்க! விழும்போது தானே நசுங்கி, மண்டைக்குப் போற அதிர்ச்சியை வாங்கிக்கிறது இந்த அடுக்குதான். ஒரு தடவை நசுங்கினா, பழையபடி எழும்பாது. அதனாலதான் ஒரு விபத்துல அடி வாங்கின ஹெல்மெட்டை மாத்தச் சொல்றாங்க.

இப்போ விஷயத்துக்கு வருவோம். ஸ்டிக்கர் கறை போக, கிரீஸ் போக, பெட்ரோலையோ தின்னரையோ துணியில நனைச்சு ஹெல்மெட்டைத் துடைக்கிற பழக்கம் நம்ம பசங்ககிட்ட உண்டு. பெட்ரோல்ல ஒரு துண்டு தெர்மாகோலைப் போட்டுப் பாருங்க, சர்க்கரை மாதிரி கரைஞ்சு காணாமப் போகும். ஹெல்மெட் இடுக்கு வழியா உள்ளே இறங்கினா, அங்கேயும் அதே வேலைதான். ஏ.பி.எஸ் ஓட்டைத் தின்னர் இளக்கும். பாலிகார்பனேட் ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்களை உண்டாக்கும். வெளியே பார்க்க பளபளனு புதுசு மாதிரி இருக்கும். ஆனா, அடி விழுற அன்னிக்குக் கைவிட்டுடும். இதைவிட மோசமா யாரும் நமக்குக் குல்லா போட முடியாது!

சரியான முறை ரொம்ப ஈஸி. உள்துணியும் கன்னத்துப் பஞ்சும் பட்டன்ல கழட்டுற மாதிரி இருந்தா, கழட்டி, கேப்புக்குச் சொன்ன அதே ஷாம்புக் குளியல். கழட்ட முடியாத மாடலா? பக்கெட்ல முக்காதீங்க. துணிக்கும் தெர்மாகோலுக்கும் நடுவுல தண்ணி தங்கினா, நாள் கணக்குல காயாது. ஷாம்பு நுரையை மட்டும் எடுத்து துணியில தேய்ச்சு, ஈரத்துணியால மூணு நாலு தடவை துடைச்சு எடுங்க. ஃபேன் அடியில கவுத்து வைங்க. ஹேர் டிரையர் கூடாது.

முன்கண்ணாடியைக் காய்ஞ்ச துணியால துடைச்சா, தூசியே உப்புத்தாள் மாதிரி கீறிடும். ராத்திரியில எதிர்ல வர்ற லைட் அந்தக் கீறல்ல பட்டுச் சிதறும், ரோடே தெரியாது. ஈரத்துணியை ரெண்டு நிமிஷம் மேல போட்டு, தூசியை ஊற வெச்சு, அப்புறம் துடைங்க.

துவைக்காதே... கொடுக்காதே!

ஆட்டோகிராஃப் வாங்கின தொப்பி, ஃபேர்வெல் அன்னிக்கு நண்பர்கள் எல்லாம் மார்க்கர்ல கையெழுத்துப் போட்ட தொப்பி... இதையெல்லாம் துவைக்காதீங்க. அழியாத மார்க்கர்னு சொல்றதுகூட, சானிடைசரும் ஸ்பிரிட்டும் பட்டா அழியும். உள்பட்டையை மட்டும் ஈரத்துணியால துடைச்சு, மெல்லிய காகிதம் அடைச்சு, வெயில் படாத அலமாரியில வைங்க. சில தொப்பிக்கு அழுக்கைவிட ஞாபகம்தான் முக்கியம்.

அடுத்தது, தொப்பிக் கடன். 'மச்சி, கேப் ஒரு நிமிஷம் குடேன்' நட்புக்கு நல்லது, தலைக்கு இல்லை. படர்தாமரை மாதிரியான பூஞ்சைத் தொற்று சீப்பு, துண்டு, தொப்பி வழியா ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்குப் போகும். டீமுக்குப் பொதுவா இருக்கிற ஹெல்மெட்டோ, பைக் டாக்ஸி ஹெல்மெட்டோ, போட்டே ஆகணும்னா உள்ளே ஒரு சுத்தமான கைக்குட்டை கட்டிக்கோங்க. நெத்தி ஓரத்துல மட்டும் வரிசையா பரு வருதா? ஃபேஸ் வாஷை மாத்துறதுக்கு முன்னாடி வியர்வைப் பட்டையைப் பாருங்க. அழுக்கும் உரசலும் சேர்ந்து செய்ற வேலையா இருக்கலாம். 'தொப்பி போட்டா வழுக்கை விழுமா?'னு பயப்படுறவங்களுக்கு: பரம்பரையா வர்ற வழுக்கைக்கும் தொப்பிக்கும் சம்பந்தம் இல்லை. அப்பா, தாத்தா போட்டோவைப் பார்த்துக்கோங்க!

டக் டக் டிப்ஸ்

* விளையாடி முடிச்சதும் வியர்வைப் பட்டையை ஈரக் கைக்குட்டையால ஒரு தடவை துடைங்க. அரை நிமிஷ வேலை. துவைக்க வேண்டிய நாளை அதுவே தள்ளிப் போடும்.
* ஈரத் தொப்பியைப் பைக்குள்ளே திணிக்காதீங்க. ஆணியில மாட்டாம, கவுத்து வைங்க.
* நூல்... கலர்... விளிம்பு. தண்ணியில போடுறதுக்கு முன்னாடி இந்த மூணு டெஸ்ட் கட்டாயம்.
* சந்தேகமா இருந்தா குறைவா துவைங்க. சரியா போகாத கறையை அடுத்த வாரம் மறுபடி பார்க்கலாம். சுருங்கின தொப்பியை அடுத்த ஜென்மத்துலயும் சரிபண்ண முடியாது.
* ப்ளீச்சையும் பாத்ரூம் ஆசிட்டையும் எந்தக் காரணத்துக்கும் கலக்காதீங்க. வர்றது குளோரின் வாயு.

என்ன பாஸ், கிளம்பிட்டீங்களா? இந்த ஞாயித்துக்கிழமை கதவுக்குப் பின்னாடி தொங்குற அந்தத் தொப்பியைக் கவுத்து, உள்பக்கம் ஒரு தடவை பாருங்க. அப்படியே பைக்ல தொங்குற ஹெல்மெட்டையும்! ஒரு சாஷே, ஒரு பழைய டூத் பிரஷ், அரை மணி நேரம். தலைக்கு மேல இருக்கிற பிரச்னை, தலையோட போயிடும்!